கல்யாணத்தை எதிர்நோக்கியிருக்கும் பெற்றோர்

கை விரல்களின் சோர்வும், நாக்குத் தடித்தாற்போன்ற பேச்சுக் குழறலும், அடிக்கடி கால் தடுக்கி விழுவதும் ஏ.எல்.எஸ். என்னும் நோயின் குறிகளே என்று நரம்பியல் வைத்தியர் நிச்சயப்படுத்திச் சொன்ன பிறகு, ஐம்பதையும் அறுபதையும் ஒட்டிய வயதிலுள்ள நம் நாட்டுத் தகப்பனாரோ தாயாரோ முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் தம்மைப் பற்றியதாக இருப்பதில்லை, "பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே, அதுவரையில் நான் இருப்பேனா?" என்பதாகவே இருக்கிறது. இந்நோய் பெரிதும் தாக்கும் வயதும், நம் குடும்பங்களில் மக்களுக்கு வரன் பார்க்கும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்துவிட்டதனால், இக்கேள்வி பல வீடுகளில் எழுகிறது. ஆகவே இதற்கென்று ஓர் அத்தியாயத்தையே ஒதுக்குவது அவசியமாயிற்று.

இதற்கு உண்மையான விடை என்ன? நோயின் முதற்குறி தோன்றியதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுகள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் அது பலருடைய ஆயுளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட நடுத்தரக் கணக்கேயன்றி, ஒருவருக்கென்று குறித்துக் கொடுத்த தவணை அன்று. ஏறக்குறையப் பத்தில் ஒருவர் 10 ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கிறார். சென்னை வைத்தியர்கள் 1970-ஆம் ஆண்டில் விவரித்து, இன்று 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே உலக வைத்திய நூல்களில் வழங்கும் இதன் உறவு நோயொன்று, இளம் வயதில் தொடங்கி, முகத் தசைத் தளர்ச்சியும் காது மந்தமும் சேர்ந்து வந்தாலும், பல்லாண்டுகள் மெல்ல நகர்ந்து செல்லும் இயல்புடையது. 1963-ஆம் ஆண்டில், தம் 21-ஆம் வயதில், இரண்டே ஆண்டு என்று கெடு வைக்கப்பெற்ற ஸ்டீபன் ஹாக்கிங் 2018 வரையில் வாழ்ந்து, தம் மக்கள் மூவரும் வளர்ந்து ஆளானதைக் கண்டார். அவரைப் போன்றவர்கள் மிக அரியர் என்பதை மறைப்பதற்கில்லை. அவரை நினைத்துக் காரியங்களைத் தள்ளிப்போடுவதும், நடுத்தரக் கணக்கை நினைத்து நடுங்கி ஒடுங்குவதும் ஒருங்கே தவறானவை. ஆகையால் தமக்கு வந்திருப்பது எந்த வகை, கடந்த ஆறு மாதங்களில் அது எவ்வளவு வேகத்தில் முன்னேறியிருக்கிறது என்பதை வைத்தியரிடம் நேராகக் கேட்டறிந்து, அந்த வேகத்தையே ஆதாரமாகக் கொண்டு திட்டமிடுவது உத்தமம்.

இவ்வத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. மூச்சுக்கு யந்திரம், உணவுக்குக் குழாய், பேச்சுக்குப் பலகை என்னும் மூன்றையும், எல்லாம் கைவிட்டுப்போன பிறகு வேறு கதியின்றி ஏற்கும் தோல்விகளாக எண்ணி, "அந்த நிலை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அவற்றைத் தேவைக்குச் சற்று முன்பாகவே ஏற்றுப் பழகிக்கொள்ளும் பெற்றோருக்கே மண்டபத்துக்கு வந்து, மணவறைக்கு அருகில் அமர்ந்து, மக்களை ஆசீர்வதிக்கும் பலமும் தெளிவும் மிஞ்சியிருக்கும் வாய்ப்பு அதிகம். கல்யாணத்துக்கான ஏற்பாடுகளில் முதலாவது இதுதான். மண்டபம் பிடிப்பது அதற்கு அடுத்தது.

நாள் குறிப்பதற்கு முன்

நோய் தெரிந்த வீட்டில் உறவினர் கூடியவுடன் எழும் முதல் யோசனை, "அவர் கண் மூடுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும்" என்பது. அன்பினால் சொல்லப்படுவதே ஆனாலும் இதில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. ஏற்கெனவே நிச்சயம் செய்து, தை மாதத்துக்கென்று வைத்திருந்த விவாகத்தை ஆவணியிலேயே நடத்திவிடுவது விவேகம். ஆனால் வரனே அமையாத பெண்ணுக்கு, தகப்பனார் பார்க்க வேண்டும் என்னும் ஒரே காரணத்தால் கிடைத்த இடத்தில் முடித்துவிடுவது, அப்பெண்ணின் நாற்பது ஐம்பது வருஷ வாழ்க்கையை ஒரு வேளைக் காட்சிக்கு ஈடு வைப்பதாகும். எந்தத் தகப்பனாரும் விவரம் தெரிந்தால் அதற்கு உடன்படமாட்டார். "உன் மனத்துக்கு ஒத்த இடம் அமைந்தால் மட்டும் சரி, எனக்காக அவசரப்படாதே" என்று நோயுற்ற பெற்றோரே தம் வாயால், பேச்சுத் தெளிவாக இருக்கும்போதே, மகனிடமோ மகளிடமோ சொல்லிவிடுவது அவர்கள் தரக்கூடிய சீர்வரிசைகளுள் தலையாயது. கேட்கும் பிள்ளைக்கு அதனால் நீங்கும் பாரம் கொஞ்சநஞ்சமன்று.

நிச்சயமான விவாகத்தை முன்னே கொண்டுவரச் சட்டமும் இடம் தருகிறது. இந்து விவாகச் சட்டத்தில் தமிழ்நாட்டுச் சட்டசபை 1967-இல் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உற்றார் உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில், இருவரும் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகத் தமக்குத் தெரிந்த மொழியில் சொல்லி, மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ, அந்த விவாகம் செல்லுபடியாகும். புரோகிதரோ மண்டபமோ இல்லாமல் வீட்டுக் கூடத்திலேயே, பெற்றோரின் கட்டிலருகிலேயே அதை நடத்தலாம். வெவ்வேறு மதத்தினர் தனித் திருமணச் சட்டத்தின்படி மணப்பதானால் 30 நாள் அறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருப்பதால், அந்த விண்ணப்பத்தை முதலிலேயே கொடுத்துவைப்பது நல்லது. வீட்டில் சுருக்கமாக ஒரு விவாகமும், பின்னர் சௌகரியம்போல ஒரு வரவேற்பும் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆடியும் மார்கழியும் குறுக்கிடும் பஞ்சாங்கத்தில், தை வரையில் காத்திருப்பதா என்னும் கேள்வி எழுமானால், நோயின் வேகத்தை அறிந்த வைத்தியரின் சொல்லுக்கு ஜோசியரின் சொல்லைவிடச் சற்று அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முகூர்த்த நேரமும் முக்கியமானது. இந்நோயாளிகளுக்கு இரவில் சுவாசம் மேலோட்டமாகி, உடம்பில் கரியமில வாயு தேங்குவதனால், காலையில் தலைவலியோடும் மந்தத்தோடும் எழுவது சாதாரணம். அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவு கொடுத்து, நாற்காலியில் அமர்த்த இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். விடியற்காலை நாலரை மணி முகூர்த்தம் வைத்துவிட்டு, இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்புவது கொடுமை. ஒன்பது மணிக்கு மேற்பட்ட முகூர்த்தம் ஒன்றைத் தேடிக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

சம்பந்தி வீட்டாரிடம் சொல்லுவது

பெண் பார்க்க வருபவர்களுக்கு முன் நோயை மறைத்து, "வாதக் கோளாறு" என்றோ "கழுத்து எலும்புத் தேய்வு" என்றோ சொல்லி, தகப்பனாரை உள்ளறையில் உட்காரவைக்கும் குடும்பங்கள் உண்டு. இதைச் செய்யவே கூடாது. மறைத்தது வெளிப்படாமல் இருக்கப்போவதில்லை. வெளிப்படும்போது அதன் பழி, புகுந்த வீட்டில் தனியாக நிற்கும் பெண்ணின் தலையிலேயே விழும். அதைவிடப் பெரிய காரணம், மறைக்கப்படுகிறவருடைய மனம். நாற்காலியிலிருந்து எழ முடியாவிட்டாலும் குடும்பத்துக்குத் தலைவராக இருப்பவர், தம்மைக் குடும்பத்தின் அவமானமாகக் கருதும் நிலைக்கு ஆளாவது எந்தக் கல்யாணத்தின் பொருட்டும் தகாது.

சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். இது தொற்று நோய் அன்று. நோயாளிகளில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லாமல் தனியே தோன்றுவது. மீதியுள்ள ஒருவருக்கே பரம்பரைத் தொடர்ச்சி காணப்படுகிறது. 1993-இல் கண்டறியப்பட்ட எஸ்.ஓ.டி.1, 2011-இல் கண்டறியப்பட்ட சி9ஓ.ஆர்.எப்.72 ஆகிய மரபணுக்களின் மாற்றங்கள் பரம்பரை வகைக்குப் பெரிதும் காரணமாகின்றன. தனியே தோன்றியதாகக் கருதப்படும் சிலரிடத்தும் இவை இருப்பதுண்டு. ஆகையால் தாத்தா, அத்தை, சித்தப்பா என்று எவருக்கேனும் இந்நோயோ, நடுவயதிலேயே புத்தி மாறிப்போகும் ஒருவகை மறதி நோயோ இருந்திருக்குமானால், நோயாளியின் இரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்குக் கொடுத்து, மரபணு ஆலோசகர் ஒருவரிடம் விளக்கம் கேட்டுக்கொள்ள வேண்டும். எஸ்.ஓ.டி.1 வகைக்கென்றே டோஃபெர்சென் என்னும் மருந்து 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருப்பதனால், இந்தப் பரிசோதனை நோயாளிக்கே பயன்படவும் இடமுண்டு.

ஆனால் நோயில்லாத மகனோ மகளோ தம் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதா வேண்டாமா என்பது முற்றிலும் அவர்களுடைய சொந்தத் தீர்மானம்; சம்பந்தி வீட்டார் கேட்டார்கள் என்பதற்காக ஜாதகத்தோடு சேர்த்துப் பரிசோதனைத் தாளையும் நீட்டச் சொல்வது அநியாயம். உண்மையைக் கேட்டறிந்த பிறகு விலகிக்கொள்ளும் குடும்பம் விலகட்டும். கேட்டறிந்த பிறகும் வந்து நிற்கும் குடும்பத்தில்தான் நம் பெண் வாழப் போகிறாள்.

உடம்பை ஆயத்தப்படுத்துவது

நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஜவுளிக் கடைக்கும் நகைக் கடைக்கும் அலைவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் முடித்துக்கொள்ள வேண்டியவை சில. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, நம் நாட்டிலும் கிடைக்கும் ரிலுசோல் மாத்திரை, 50 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு வேளை, வெறும் வயிற்றில் உட்கொள்ளப்படுவது. அது ஆயுளைச் சில மாதங்களே நீட்டுகிறது, நோயைக் குணப்படுத்துவதில்லை. கல்லீரலை அது தாக்குகிறதா என்று அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்துவர வேண்டும். கல்யாணச் சந்தடியில் மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு வாரம் விட்டுப்போவது சகஜமாக நேர்வது. ஆகையால் இரண்டு மாதத்துக்கு வேண்டியதை முன்னரே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரையைவிடப் பெரிதும் துணை செய்வது சுவாச யந்திரம். பைபேப் என்று வழங்கும் இச்சிறு யந்திரம், முகமூடியின் வழியாகக் காற்றை இதமாக உள்ளே செலுத்தி, களைத்துப்போன மார்புத் தசைகளுக்கு ஓய்வு கொடுக்கிறது. 2006-இல் வெளியான இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சி ஒன்றில், விழுங்கும் தசைகள் மிகவும் பழுதடையாதவர்களுக்கு இது ஏறக்குறைய ஏழு மாதம் ஆயுளைக் கூட்டித் தந்ததோடு, தூக்கத்தையும் தெளிவையும் மீட்டுக் கொடுத்தது என்று கண்டார்கள். ஏழு மாதம் என்றால் ஆவணியிலிருந்து பங்குனி வரையில். கல்யாணம் ஒன்றை எதிர்நோக்கியிருக்கும் வீட்டில் அதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, காலைத் தலைவலி, பகல் தூக்கம், ஊதும் சோதனையில் மூச்சின் அளவு இருக்க வேண்டியதில் பாதியை நெருங்குவது ஆகிய இவற்றில் ஒன்று தென்பட்டாலும் யந்திரத்தைப் பற்றி உடனே கேட்க வேண்டும். முகமூடி பழகச் சில வாரங்கள் ஆகும் என்பதனால், கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாங்கிக் கொடுப்பதில் பயன் இல்லை. மற்றோர் எச்சரிக்கை: மூச்சு வாங்குகிறதென்று பதறி, வைத்தியர் சொல்லாமல் ஆக்ஸிஜன் சிலிண்டரை மட்டும் வைத்துவிடக் கூடாது. இந்நோயில் குறை காற்றை இழுத்துவிடும் தசையில் இருக்கிறது. யந்திரத் துணையில்லாமல் ஆக்ஸிஜனை மட்டும் கொடுத்தால் கரியமில வாயு மேலும் தேங்கி, நினைவு மங்கிப்போக நேரலாம். மண்டபத்தில் உதவிக்கு ஓடிவரும் உறவினர்க்கும் ஆம்புலன்ஸ் ஊழியருக்கும் காட்டுவதற்காக இதை ஒரு தாளில் எழுதி நாற்காலியின் பின்புறத்தில் கட்டிவைப்பது நன்று.

உணவுக் குழாயும் அவ்வாறே. வயிற்றின் மேல் சிறு துளையிட்டுப் பொருத்தும் பெக் குழாயை, மூச்சின் அளவு பாதிக்குக் கீழே இறங்குவதற்கு முன் வைத்துக்கொள்வதே பத்திரமானது. அதற்குப் பிறகு அதே சிகிச்சையில் ஆபத்து மிகுந்துவிடுகிறது. குழாய் வைத்த பிறகும், விழுங்க முடிந்தவரையில் வாயாலும் உண்ணலாம் என்பதைப் பலர் அறியார். இந்நோயில் உடல் மெலிவது கேடு. சாதாரணமாக எடையைக் குறைக்கச் சொல்லும் உபதேசங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நெய்யும் தயிரும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்த்து, மாதந்தோறும் எடையைக் குறித்துவர வேண்டும். இவ்விடத்தில் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுவது அவசியம். கன்னிகாதானம் செய்து கொடுக்கும் தகப்பனார் அது முடியும்வரையில் உபவாசம் இருப்பது சில வகுப்பாரிடையே ஆசாரம். இந்நோயாளிக்கு அது கூடவே கூடாது. பசித்த உடம்பு தன் தசையையே தின்னும். அவரிடம் அத்தசை மிச்சமாக இல்லை. உபவாசத்தை அண்ணனோ தம்பியோ அவருக்காக ஏற்றுக்கொள்ளட்டும்.

மூச்சுக்குழலில் துளையிட்டு நிரந்தர யந்திரம் பொருத்திக்கொள்வதா, நிலைமை முற்றினால் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டாம் என்னும் கடினமான தீர்மானங்களையும் மண்டபத்து நாளுக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு 2018-இல் ஏற்றுக்கொண்டு, 2023-இல் எளிதாக்கிய முறைப்படி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி ஒருவர் முன்பாகவோ கெஜட்டட் அதிகாரி முன்பாகவோ இதை எழுதிவைக்கலாம். இதே வேளையில் பாங்குக் கணக்கையும் லாக்கரையும் மனைவியுடனோ மகனுடனோ கூட்டாக மாற்றி, உயிலும் எழுதிவிட வேண்டும். கை தளரத் தளரக் கையெழுத்து மாறிப்போய், நகை எடுக்கப் போன இடத்தில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பப்படுவது கல்யாண வீட்டில் வேண்டாத சங்கடம். சுபகாரியம் நடக்கும் வீட்டில் உயிலைப் பற்றிப் பேசலாமா என்று தயங்குவோர்க்கு நான் சொல்லக்கூடியது, அவற்றை முடித்துவிட்ட வீட்டில்தான் கல்யாணப் பேச்சுக்கு மனம் ஓய்வாக இருக்கிறது என்பதே. செலவிலும் அவ்வாறே, யந்திரத்துக்கும் இராத்திரி ஆளுக்கும் வேண்டிய தொகையை முதலில் ஒதுக்கிய பிறகே பந்தியின் அளவை நிர்ணயிக்க வேண்டும்.

குரலும் சொல்லும்

பேச்சுத் தெளிவாக உள்ள நாளிலேயே ஆசீர்வாதத்தைப் பதிவு செய்துவிடுங்கள். கைப்பேசி ஒன்றும் அமைதியான அறை ஒன்றும் இருந்தால் போதும். வழக்கமான வாழ்த்துரை மட்டுமின்றி, பிள்ளையைச் சிறு வயதில் அழைத்த செல்லப் பெயர், சாப்பிட அழைக்கும் முறை, கோபித்துக்கொள்ளும் தொனி ஆகிய சிறு சிறு சொற்களையும் அவரவர் இயல்பான குரலில் பதிந்து வைத்தால், பின்னாளில் கைப்பேசியிலோ கணினியிலோ தட்டிய மாத்திரத்தில் அவர் குரலே பேசும். நிச்சய தாம்பூலத்தன்று லக்னப் பத்திரிகை வாசிக்கும் பொறுப்பை, குரல் சற்றுக் குழறினாலும் அவரிடமே கொடுத்து, அதையும் பதிவு செய்யலாம்.

பேச்சு நின்ற பிறகு உதவுவது எழுத்துப் பலகை. தமிழ் எழுத்துகள் 247 என்று மலைக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் பன்னிரண்டு உயிரையும், மறு பக்கத்தில் பதினெட்டு மெய்யையும், மூலையில் ஆய்தத்தையும் பெரிய எழுத்தில் எழுதினால், முதலில் மெய்யையும் பிறகு உயிரையும் கண்ணால் காட்டி எந்த உயிர்மெய்யையும் அமைத்துவிடலாம். இந்நோயில் கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் கடைசிவரையில் கெடுவதில்லை. அவசரச் சொற்களைப் பலகையின் மேல்வரிசையில் முழுதாகவே எழுதிவிட வேண்டும்: 'மூச்சு முட்டுகிறது', 'எச்சிலை எடு', 'கழுத்தை நிமிர்த்து', 'போதும், அறைக்குப் போகலாம்'. கல்யாணத்துக்கென்று இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாம்: 'வாருங்கள்', 'சாப்பிட்டீர்களா?', 'தீர்க்காயுசாக இரு'. வந்தவரை வரவேற்பதும் சாப்பிட்டார்களா என்று விசாரிப்பதும் கல்யாண வீட்டுத் தலைவரின் கடமை. அக்கடமையை அவரிடமிருந்து பறித்துவிடாமல் இருப்பதற்கு இச்சிறு பலகை போதுமானது.

மண்டபத்தில்

மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சாப்பாட்டுக் கூடத்தை அன்று. வாசலில் சாய்தளம் உண்டா, தரைத் தளத்தில் கழிப்பறையோடு கூடிய அறை உண்டா, அவ்வறையின் வாயிலிலும் கழிப்பறை வாயிலிலும் சக்கர நாற்காலி நுழையுமா, அறையின் எந்த மின் இணைப்பு ஜெனரேட்டரோடு சேர்ந்திருக்கிறது என்பவற்றையே. மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரத்தைச் சமாளிக்க, பைபேப் யந்திரத்துக்கும் சளி உறிஞ்சும் சாதனத்துக்கும் பாட்டரியோ யு.பி.எஸ்ஸோ வேண்டும், அது எவ்வளவு நேரம் தாங்குகிறதென்று வீட்டிலேயே ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். முகூர்த்தத்துக்கு முன் ஓரிரண்டு மணி நேரம் யந்திரத்தில் ஓய்வெடுத்துக்கொண்டு வந்தால், முக்கியமான அரை மணி நேரம் முகமூடியின்றி அமர்ந்திருக்கப் பலருக்கு இயலும். இயலாதவர்கள் மூக்கோடு மட்டும் பொருந்தும் சிறு முகமூடியோடு தாராளமாக அமரலாம். போட்டோவுக்கு நன்றாக இராது என்று அதைக் கழற்றச் சொல்லுபவர் எவ்வளவு நெருங்கிய உறவினரானாலும் அவர் பேச்சைக் கேட்கலாகாது.

மணமேடை மூன்றடி உயரமாக இருந்தால், நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறுவது வேண்டாம். தளர்ந்த தோள்மூட்டு அப்படித் தூக்குவதில் நழுவிவிடும். தரையிலேயே மணவறையை அமைக்கச் சொல்லலாம். ஹோமப் புகை அவர் பக்கம் வராதபடி காற்று வீசும் திசையைப் பார்த்து நாற்காலியைப் போட வேண்டும். ஹோமத்தைச் சிறிதாக வளர்க்கும்படி சாஸ்திரிகளிடம் முன்கூட்டிச் சொன்னால் அவர்கள் மறுப்பதில்லை. கனத்த மாலை மார்பை அழுத்தும், தளர்ந்த கழுத்தை முன்னே சாய்க்கும். ஒற்றைச் சரம் போதும். உடுப்பில் கௌரவம் குறையாமல் சௌகரியம் செய்துகொள்ள வழிகள் உண்டு: ஒட்டிக்கொள்ளும் பட்டி வைத்த பட்டு வேஷ்டி, முதுகுப் புறம் திறந்த சட்டை, தாயாரானால் முன்னரே மடிப்பு வைத்துத் தைத்த பட்டுப் புடவை.

சடங்குகளில் அவருடைய இடத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுப்பதற்கு முன், அவரைக் கொண்டே செய்விக்க வழியுண்டா என்று ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டும். தாரை வார்க்கும்போது தகப்பனாரின் கையை முழங்கைக்குக் கீழே மகனோ தம்பியோ தாங்கிப் பிடிக்க, தாயார் நீர் வார்த்தால் தானம் அவருடையதே. பெண்ணைத் தகப்பனார் மடியில் இருத்தித் தாலி கட்டும் வழக்கமுள்ளவர்கள், அவருடைய முழங்காலைத் தொட்டாற்போல் முன்னால் தாழ்ந்த முக்காலியொன்றில் பெண்ணை அமர்த்தலாம்; தளர்ந்த தொடையின் மேல் பாரம் ஏற்ற வேண்டாம். அட்சதையை அவர் உள்ளங்கையில் வைத்துக் கையைச் சற்றே சாய்த்தால் அது மணமக்கள் தலையில் தானே விழும். மந்திரங்களை அவர் வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால் சாஸ்திரிகள் சொல்ல, அவர் மனத்தில் சொல்லிக்கொள்ளட்டும். மாதா கோயிலில் மகளை அழைத்துச் செல்லும் தகப்பனாரின் சக்கர நாற்காலிக்கு நடுவழியில் இடம் விட்டுப் பூ அலங்காரம் செய்ய வேண்டும். நிக்காஹில் பெண்ணுக்கு 'வலி' என்னும் பொறுப்பாளராக இருக்கும் தகப்பனார், பேச முடியாதபோது தம் சார்பில் சொல்ல ஒருவரை வக்கீலாக நியமிக்கலாம்.

பந்தியில் அவருக்குப் பாயசம் கொடுக்க ஒவ்வொருவரும் ஆசைப்படுவார்கள். விழுங்குவதில் கஷ்டமுள்ளவர்க்குத் தண்ணீர்போல் நீர்த்த பொருள்தான் மிகவும் அபாயம். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பாயசத்தை வடிகட்டிக் கெட்டியாக்கி, தலையைச் சற்று முன் குனியவைத்து, ஒரு சிறு கரண்டி மட்டும் நாவில் வைக்கலாம். ருசி அறியும் புலன் இந்நோயில் அழிவதில்லை. இதைக் கொடுக்கும் உரிமை பழக்கப்பட்ட ஒருவருக்கே இருக்க வேண்டும். சிரித்துப் பேசிக்கொண்டே ஊட்டக் கூடாது. சளிக்காய்ச்சல் உள்ளவர்கள் எட்ட நின்றே கும்பிடட்டும். காய்ச்சல் தடுப்பூசியும் நிமோனியாத் தடுப்பூசியும் சில வாரங்களுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயத்தை உறவினர்களுக்கு முன்னரே விளக்கிவிட வேண்டும். இந்நோயாளிகளில் சிலருக்கு, அற்பக் காரணத்துக்கும் அடக்க முடியாத அழுகையோ, சில வேளை பொருத்தமில்லாத சிரிப்போ பீறிட்டு வரும். மூளையில் உணர்ச்சியின் வெளிப்பாட்டை அடக்கியாளும் நரம்புப் பாதை பழுதுபடுவதனால் உண்டாவது இது. மனத்தின் பலவீனம் அன்று. கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் தகப்பனார் உரக்கச் சிரித்துவிட்டாலும், தேம்பித் தேம்பி அழுதாலும், அபசகுனம் என்று முணுமுணுக்காதபடி இரு வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். அழுகையையும் எச்சில் வடிதலையும் கட்டுப்படுத்த மருந்துகள் உண்டு. ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு மாதத்துக்கு முன்பே வைத்தியரைக் கேட்டுத் தொடங்கலாம்.

அந்த நாளுக்கு வர இயலாமற்போனால்

எல்லா ஏற்பாடும் செய்தும், முகூர்த்தத்தன்று அவர் ஆஸ்பத்திரியில் இருக்க நேரலாம்; அதற்கு முன்பே பிரிந்துவிடவும் நேரலாம். இதைப் பேசாமல் விடுவது வழிகாட்டி நூலுக்கு அழகன்று. ஆகையால் விவாகத்தின் முழு மகிழ்ச்சியையும் ஒரே முகூர்த்தத்தில் கட்டிவைக்காமல், முன்னுள்ள மாதங்களில் பரப்பிவிடுங்கள். தாலிக்குப் பொன் உருக்குவது, பத்திரிகையின் வாசகத்தைத் திருத்துவது, மாப்பிள்ளையோடு தனியே ஒரு மாலைப்பொழுது கழிப்பது, கூறைப் புடவையை முதலில் அவர் மடியில் வைத்து எடுத்துக் கொடுக்கச் செய்வது ஆகிய ஒவ்வொன்றும் கல்யாணமே. ஆஸ்பத்திரியில் இருந்தால், மணக்கோலத்தோடு இருவரும் நேரே அவரிடம் வந்து நமஸ்கரிக்க, தாதிமாரிடம் நேரம் கேட்டு வைக்கலாம். முகூர்த்தத்தைக் கைப்பேசித் திரையில் காட்டலாம். அவர் இல்லாமற்போனால் விவாகத்தைத் தள்ளிவைக்க வேண்டுமா, குறித்த நாளிலேயே எளிமையாக நடத்த வேண்டுமா என்பதை அவரே எழுதிக் கொடுத்துவிடுவது குடும்பத்துக்கு அவர் செய்யும் பேருபகாரம். ஏனெனில் அந்த வேளையில் ஆளுக்கொரு சாஸ்திரம் சொல்ல வருவார்கள்.

கல்யாணத்துக்குப் பின்

விவாகம் முடிந்த மறுவாரம் பலருக்கு உடம்பு தளர்ந்து, மனமும் சோர்ந்துவிடும். பல மாதங்களாக எதிர்நோக்கியிருந்தது கைகூடிவிட்ட பிறகு அடுத்ததென்ன என்னும் வெறுமையும், அலைச்சலின் களைப்பும் சேர்ந்துகொள்ளும். மூன்று நாலு நாள் விருந்தினர் எவரையும் அனுமதியாமல் முழு ஓய்வு கொடுத்து, அந்த மாதத்திலேயே மூச்சுச் சோதனைக்கும் எடை பார்ப்பதற்கும் நாள் வாங்கிவைக்க வேண்டும். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கும் மருத்துவம் உண்டு. வயதின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. மறுவீட்டு விருந்துக்கு அவரை அழைத்துச் செல்வதைவிட, சம்பந்தி வீட்டார் இங்கு வந்து அவருடன் உண்பது பொருத்தமாக இருக்கும்.

மணமாகிப் போகும் மகளே இதுவரையில் இரவில் முகமூடியைச் சரிசெய்தவளாகவும், குழாயில் உணவு கொடுத்தவளாகவும், அவர் கண்ணசைவைப் படித்துச் சொன்னவளாகவும் இருந்திருந்தால், அந்த வேலைகளை ஏற்பவரைக் கல்யாணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டுக்கு வரவழைத்து, மகளே கூட இருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். யந்திரத்தின் எந்த ஓசை சாதாரணம், எந்த ஓசைக்கு எழுந்து ஓட வேண்டும், எந்தப் பக்கம் ஒருக்களித்தால் அவருக்குத் தூக்கம் வரும் என்பவற்றையெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். முதல் சில வாரங்கள் தினமும் ஒரு குறித்த வேளையில் அவள் கைப்பேசியில் முகம் காட்டிப் பேசுவதென்றும், மாதத்தில் இரண்டு இரவு தாயார் தடையின்றித் தூங்குவதற்காக அவளோ மருமகனோ வந்து காவல் இருப்பதென்றும், நிச்சயதார்த்தப் பேச்சிலேயே இரு வீட்டாரும் கலந்து முடிவு செய்துகொள்ளலாம்.